மகளின் கண்ணும் நான் வீணாக்கிய 38 நாட்களும்

இதை எழுத நான்கு வருஷம் ஆகிவிட்டது. மருத்துவமனை வராந்தாவில் புதிதாக வந்து உட்காரும் ஒவ்வொரு அப்பா அம்மாவையும் பார்க்கும்போது எழுதிவிட வேண்டும் என்று தோன்றும், வீட்டுக்கு வந்தால் மனசு வராது. போன வாரம் ஒருவர், கையில் கண் புற்றுநோய் வந்த எட்டு மாதக் குழந்தை, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கண்ண எடுக்காமலே சரி பண்ணலாம்னு சொல்றாங்களே சார், உங்களுக்கு யாரையாவது தெரியுமா?" என்று கேட்டார். நான்கு வருஷத்துக்கு முன்னால் நான் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. அவரோடு ஒன்றரை மணி நேரம் பேசினேன். அன்று பேசியதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன், அந்த நேரத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதால்.

என் மகளுக்கு 14 மாதம் இருக்கும்போது என் மனைவிதான் முதலில் கவனித்தாள். சாயங்காலம் விளக்குப் போடாத அறையில், கதவு வழியாக வரும் வெளிச்சத்தில் குழந்தை திரும்பிப் பார்த்தால், இடது கண்ணின் நடுக் கருப்பு கருப்பாக இல்லாமல் சிப்பியின் உள்பக்கம் மாதிரி வெளுப்பாக ஒரு நொடி மின்னிப் போகும். எல்லா நேரமும் தெரியாது. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும்தான். நான் பார்க்கும்போது ஒன்றும் இருக்காது, அவளுக்கு மட்டும் தெரியும், அதனாலேயே நான் நம்பவில்லை. வீட்டில் பெரியவர்கள் "பூனைக்கண்ணு, வளர வளரப் போயிடும்" என்றார்கள். அப்புறம் ஒருநாள் ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் அது அப்படியே விழுந்தது. வலது கண்ணில் வழக்கமான சிவப்புப் புள்ளி, இடது கண்ணில் வெள்ளை வட்டம்.

அந்தப் போட்டோவைக் குழந்தை மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஃப்ளாஷ் வெளிச்சம் பட்டுத் தெறித்திருக்கிறது, குழந்தை நன்றாக விளையாடுகிறாள், பயப்பட ஒன்றுமில்லை என்றார். மருந்து போட்டுக் கண்மணியை விரியவைத்துப் பார்க்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றே தெரியாது. ஒன்றுமில்லை என்று ஒருவர் சொன்னதும் எவ்வளவு நிம்மதியாக வீடு திரும்பினேன் என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அந்த நிம்மதியில் 15 வாரம் போனது. அதற்குள் இடது கண் லேசாக வெளிப்பக்கம் விலக ஆரம்பித்தது, மாறுகண் மாதிரி. அப்போதும் கண் மருத்துவரிடம் போவோம் என்று பிடிவாதமாக நின்றது என் மனைவிதான்.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன். குழந்தையின் கண்ணில் வெள்ளையாக ஏதாவது மின்னினால், அல்லது புதிதாக மாறுகண் வந்தால், அந்த வாரத்துக்குள் கண் மருத்துவரிடம் போய், சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையை முழுசாகப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள், "மருந்து விட்டு, விழித்திரையைப் பாருங்கள்" என்று. வெள்ளையாகத் தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. கண்புரையாலும் வரலாம், விழித்திரையில் வரும் வேறு சில கோளாறுகளாலும் வரலாம், சில சமயம் ஃப்ளாஷ் வெளிச்சம் பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில் நேராகப் பட்டாலே ஒன்றுமில்லாத கண்ணிலும் அப்படித் தெரியும். ஆனால் எது என்று வெளியிலிருந்து டார்ச் அடித்து யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால், மங்கலான அறையில், செல்போனில் சிவப்புக்கண் குறைக்கும் வசதியை அணைத்துவிட்டு, ஃப்ளாஷ் போட்டுப் பல கோணங்களில் போட்டோ எடுத்துப் பாருங்கள். அந்த வசதி இருந்தால் வெள்ளையையும் மறைத்துவிடும். போட்டோவில் தெரியவில்லை என்பதற்காக மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள், அது சந்தேகத்தை உறுதிசெய்ய உதவும், சந்தேகத்தைத் தீர்க்க உதவாது.

கண் மருத்துவர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்துக்கொண்டு இடது கண்ணைப் பார்த்தார். அதுவரை குழந்தையிடம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். வலது கண்ணைப் பார்த்தார். மறுபடி இடது கண். விளக்கைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "கண்ணுக்குள்ள கட்டி மாதிரி இருக்கு. கண் புற்றுநோய் பார்க்கிற டாக்டர்கிட்ட இந்த வாரமே போங்க, நானே பேசிச் சொல்றேன்" என்றார். குழந்தைக்குப் புற்றுநோயா, அதுவும் கண்ணிலா, அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ரெட்டினோபிளாஸ்டோமா என்று பெயர். விழித்திரையில் வருவது. 15,000 முதல் 20,000 குழந்தைகள் பிறந்தால் அதில் ஒரு குழந்தைக்கு வருகிறது, பெரும்பாலும் 5 வயதுக்குள். நாம் எதையோ செய்ததாலோ செய்யாததாலோ வருவதில்லை. கர்ப்பமாக இருந்தபோது டிவி பார்த்தது, கீழே விழுந்தது, செல்போன் வெளிச்சம் என்று என் மனைவி ராத்திரி ராத்திரியாக யோசித்து அழுத எதற்கும் இதில் சம்பந்தமில்லை. 13-வது குரோமோசோமில் இருக்கும் ஆர்பி1 என்ற மரபணு இரண்டு பிரதியிலும் பழுதாவதால் வருவது. இதை முதல் நாளே யாராவது அவளிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அவள் அவ்வளவு வதைபட்டிருக்க மாட்டாள். உங்கள் வீட்டில் யாராவது அம்மாவைக் குறை சொன்னால், அப்பா எழுந்து நின்று இதைச் சொல்ல வேண்டும். நான் அப்போது சொல்லவில்லை. எனக்கே தெரியாது என்பது ஒரு காரணம்தான், முழுக் காரணம் இல்லை.

ஆறாவது நாள் சிறப்பு மருத்துவரிடம் போனோம். விழித்திருக்கும் குழந்தையின் கண்ணை முழுசாகப் பார்க்க முடியாது என்பதால் மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதன் பிறகு அந்த மருத்துவர் ஒரு தாளை எங்கள் முன்னால் வைத்தார். அதில் கடிகாரம் மாதிரி மணிக் கோடுகள் போட்ட இரண்டு வட்டங்கள், விழித்திரையின் படம், கலர் பென்சிலால் வரைந்தது. இடது வட்டம் ஏறக்குறைய முழுக்கவும் தீட்டப்பட்டிருந்தது. வலது வட்டத்தில் இரண்டே இரண்டு சின்னப் புள்ளி. ஒன்று ஓரத்தில், நாலு மணி இருக்கும் இடத்தில். இன்னொன்று நடு மையத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில், 2 மில்லிமீட்டர். ஏ-யிலிருந்து ஈ வரை வகை பிரிப்பார்களாம், இடது கண் ஈ, அதாவது கடைசி. வலது கண் பி. இடது கண்ணில் பார்வை ஏற்கெனவே போய்விட்டது, அதை எடுத்துவிட வேண்டும், வலது கண்ணைக் கீமோவும் லேசரும் கொடுத்துக் காப்பாற்றலாம் என்றார். "முதல்ல உயிர், அப்புறம் கண்ணு, அதுக்கப்புறம்தான் பார்வை. இந்த வரிசையை மாத்தக் கூடாது" என்று சொன்னார். கண்ணுக்குள்ளேயே இருக்கும்போது பிடித்து முறையாக வைத்தியம் பார்த்தால் நூற்றுக்கு 95 குழந்தைகளுக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள், ஆனால் பார்வை நரம்பு வழியாக வெளியே போய்விட்டால் கதை வேறு, அது மூளைக்குப் போகிற பாதை என்றார்.

என் மனைவி, "எப்ப ஆபரேஷன் வைக்கலாம் டாக்டர்?" என்று கேட்டாள். நான் "யோசிச்சுச் சொல்றோம்" என்றேன்.

அங்கிருந்துதான் அந்த 38 நாள் ஆரம்பம். ஒன்றரை வயசுக் குழந்தையின் கண்ணை எடுக்க ஒரு தகப்பன் கையெழுத்துப் போடுவதா என்று எனக்குள் ஏதோ ஒன்று முறுக்கிக்கொண்டு நின்றது. பெரியவள் ஆனதும் "ஏம்ப்பா எடுக்க விட்டீங்க?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வேன் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் பெரியவள் ஆவதே இந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது என்பது மண்டையில் ஏறவில்லை. வேறு ஒரு கண் புற்றுநோய் மருத்துவரிடம் போனேன், அவரும் அதையே சொன்னார். அத்தோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதித்துப் பார்த்து உறுதி செய்யாமல் எப்படிக் கண்ணை எடுக்கச் சொல்கிறார்கள் என்று கோபப்பட்டேன். இந்த நோயில் கண்ணுக்குள் ஊசி விட்டுச் சதை எடுத்தால் புற்றுநோய் செல்கள் அந்தத் துளை வழியாகவே வெளியே பரவலாம், அதனால்தான் கண்ணால் பார்த்தும் ஸ்கேனில் தெரியும் சுண்ணாம்புப் படிவை வைத்தும் முடிவு செய்கிறார்கள் என்று பிறகுதான் புரிந்தது. யாராவது உங்கள் குழந்தைக்கு முதலில் பயாப்ஸி எடுத்துப் பார்க்கலாம் என்று சொன்னால், அவருக்கு இந்த நோயில் பழக்கமில்லை என்று அர்த்தம். எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் படத்தையோ ஸ்கேனையோ பார்க்காமல் போனிலேயே "கீமோ கொடுத்துப் பார்க்கலாமே" என்ற ஒருவர். அப்புறம் உறவினர் ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டு, கண்ணில் விடும் மூலிகைச் சொட்டும் உள்ளுக்கு ஒரு பொடியும் கொடுத்து ஒரே மண்டலத்தில் கட்டி கரையும் என்ற ஒருவர். அந்த வீட்டுக்குப் போக ஒரு ராத்திரி வர ஒரு ராத்திரி பயணம், இரண்டு முறை போனோம். அதற்கும் இதற்குமாக என் இரண்டு மாதச் சம்பளம் போனது. பணம் போனதை நான் பெரிதாக நினைக்கவில்லை. சொட்டு விடும்போது குழந்தை எரிச்சலில் அலறுவாள், நான்தான் கையைப் பிடித்துக்கொள்வேன், அதை நினைத்தால்தான் இன்னும் தூக்கம் போய்விடுகிறது. இதற்கு நடுவில் சிறப்பு மருத்துவமனையிலிருந்து செவிலியர் இரண்டு முறை போன் செய்தார். இரண்டாவது முறை நான் எடுக்கவே இல்லை.

முடிவு நான் எடுத்ததில்லை, நோய்தான் எடுத்தது. ஒரு ராத்திரி இடது கண் சிவந்து வீங்கி, குழந்தை தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு வாந்தி எடுத்தாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டிருந்தது. விடிவதற்குள் மருத்துவமனையில் இருந்தோம். என்னை யாரும் திட்டவில்லை. மறுபடி மயக்க மருந்து, மறுபடி பரிசோதனை, மறுபடி அதே மாதிரி ஒரு தாள். இந்த முறை வலது வட்டத்தில் மூன்று புள்ளி. மையத்துக்குப் பக்கத்தில் இருந்தது 2 மில்லிமீட்டரிலிருந்து 4 மில்லிமீட்டர் ஆகியிருந்தது. இரண்டு தாளையும் இன்னும் வைத்திருக்கிறேன். நீங்கள் அன்றைக்கே வந்திருந்தால் என்று மருத்துவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தேதியை மட்டும் எழுதினார். இரண்டு தேதியையும் கழித்துப் பார்த்தது நான்தான்.

இரண்டாவது கருத்துக் கேட்பது தப்பே இல்லை, கட்டாயம் கேளுங்கள். ஆனால் அதற்கு ஒரு வாரம் என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள், இந்த நோயையே தினமும் பார்க்கும் இன்னொரு மருத்துவரிடம் மட்டும் கேளுங்கள், விழித்திரைப் படங்கள், ஸ்கேன், எம்.ஆர்.ஐ. தகடு எல்லாவற்றையும் பிரதி வாங்கிக்கொண்டு போங்கள். முதல் மருத்துவரிடமே "வேறு ஒருவரிடமும் கேட்கப் போகிறோம்" என்று சொன்னால் நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார், எங்களுடையவர் தானே கடிதம் எழுதித் தருகிறேன் என்றார், நான்தான் சொல்லவே கூச்சப்பட்டேன். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் தேடலை நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் நான் தேடியது மருத்துவரை இல்லை, எனக்குப் பிடித்த பதிலைச் சொல்லும் ஆளை. அப்படி ஒரு ஆள் எப்படியும் கிடைத்துவிடுவார்.

இன்னொன்றும் இதில் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் கண்ணை எடுக்கச் சொல்வதில்லை. சீக்கிரம் வந்தால் கீமோ, லேசர், உறையவைக்கும் சிகிச்சை, தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டுக் கண்ணுக்குப் போகும் நாளத்திலேயே மருந்தைச் செலுத்துவது, கண்ணின் மேல் சின்னக் கதிரியக்கத் தகட்டைச் சில நாள் தைத்து வைப்பது என்று வழிகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பது கட்டியின் அளவையும் இடத்தையும் பொறுத்தது. "என் குழந்தையின் கண் எந்த வகை, அந்தக் கண்ணைக் காப்பாற்றினால் அதில் பார்வை இருக்குமா, காப்பாற்ற முயன்றால் உயிருக்கு என்ன ஆபத்து" என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். நான் முதல் நாள் இந்த மூன்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை, எடுத்துத்தான் ஆகணுமா என்று மட்டும் நாலு முறை கேட்டேன்.

அறுவை சிகிச்சை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நான் பயந்ததிலேயே மிகப் பெரிய விஷயம் எங்களுக்கு நடந்ததிலேயே சுலபமான விஷயமாக முடிந்தது. அழுத்திக் கட்டிய கட்டோடு வந்தவள் மறுநாள் காலையில் கட்டிலில் எழுந்து நின்று பக்கத்துக் கட்டில் பையனின் பந்தைக் கேட்டு அடம் பிடித்தாள். வலி கொடுத்துக்கொண்டிருந்த கண் போனதில் அவளுக்கு நிம்மதிதான், பல வாரம் கழித்து அன்று ராத்திரி முழுசாகத் தூங்கினாள். கட்டை அவிழ்க்கும்போது குழி இருக்கும் என்று நினைத்து நான் வெளியே போய்விட்டேன். அப்படியெல்லாம் இல்லை. உள்ளே ஒரு உருண்டை வைத்துக் கண்ணின் தசைகளை அதோடு சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள், மேலே இளஞ்சிவப்பாக வாயின் உள்பக்கம் மாதிரி சதை, அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி. அந்த மூடி ஒருநாள் குளிக்கும்போது கழன்று விழுந்தது, பதறாதீர்கள், கழுவித் திரும்ப வைக்கச் சொல்லிக்கொடுப்பார்கள், டிஸ்சார்ஜ் ஆகும் முன் உங்கள் கையால் ஒரு முறை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எடுத்த கண்ணைச் சோதித்த அறிக்கை வர பத்து நாள் ஆனது. பார்வை நரம்பின் வெட்டிய முனையில் நோய் இல்லை என்ற அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து நானும் என் மனைவியும் அழுதோம். 38 நாள் பற்றி அவள் அதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டாள். அது எங்களுக்குள்.

கீமோ 4 வாரத்துக்கு ஒரு முறை, 6 சுற்று, ஒவ்வொரு சுற்றும் 2 நாள். மூன்று மருந்து, வின்கிரிஸ்டின், எட்டோபோசைட், கார்போபிளாட்டின். இதில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கீமோ போட்ட ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும், அந்த நேரத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் என்பது சாதாரணக் காய்ச்சல் இல்லை, அவசரம். காய்ச்சல் மருந்தை வீட்டிலேயே கொடுத்துக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது, மருந்து காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. நேராக மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டாவது சுற்றுக்குப் பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு நாங்கள் அப்படி ஓடினோம், ஐந்து நாள் ஊசி மருந்தில் இருந்தாள். அதிலிருந்து வாசலிலேயே ஒரு பை தயாராக இருக்கும், உடுப்பு, ரிப்போர்ட் ஃபைல், சார்ஜர், அவளுடைய துணிப் பொம்மை. டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், அக்குளில் வைத்துப் பாருங்கள், ஆசனவாயில் வைக்கவே கூடாது.

வின்கிரிஸ்டினால் மலச்சிக்கல் வரும், தாடை வலிக்கும், குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, சாப்பிட மாட்டேன் என்று மட்டும் அழும். நாங்கள் அதைப் பிடிவாதம் என்று நினைத்தோம். மலச்சிக்கலுக்கு முன்கூட்டியே மருந்து கேட்டு வாங்குங்கள். அந்த மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும் என்பதால் ஊசி போட்ட இடம் சிவந்தாலோ உப்பினாலோ அந்த நொடியே செவிலியரைக் கூப்பிடுங்கள், தொந்தரவு செய்கிறோமோ என்று யோசிக்காதீர்கள். கையில் நரம்பு கிடைக்காமல் ஏழு முறை குத்திய நாளுக்குப் பிறகுதான், மார்பில் தோலுக்கடியில் வைக்கும் போர்ட் என்ற ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. முதலிலேயே கேளுங்கள். ஊசி போடும் இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு முன் தடவினால் மரத்துப்போகும் க்ரீமும் இருக்கிறது. கார்போபிளாட்டின் காது கேட்பதைப் பாதிக்கலாம், அதனால் கீமோ தொடங்கும் முன்பே ஒரு காது பரிசோதனை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், பார்வை குறைந்த குழந்தைக்குக் காதும் குறைந்தால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். தடுப்பூசி எதையும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது, சில உயிருள்ள தடுப்பூசிகள் இந்த நேரத்தில் ஆகாது.

மயக்க மருந்துப் பரிசோதனை கீமோ காலம் முழுக்க மாதம் ஒரு முறை இருந்தது. திட உணவு 6 மணி நேரத்துக்கு முன், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன், வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும் என்பது எங்களுக்குச் சொன்ன கணக்கு. இதில் எது கடினம் என்றால் காத்திருப்பதுதான். ஒன்றரை வயசுக் குழந்தைக்குப் பசியை எப்படி விளக்குவது? பட்டியலில் முதல் ஆளாகப் போடச் சொல்லிக் கேளுங்கள், சின்னக் குழந்தை என்றால் பெரும்பாலும் தருவார்கள், கேட்காவிட்டால் மதியம் வரை உட்கார வேண்டியிருக்கும். எழுந்ததும் அரை மணி நேரம் யாரையும் அடையாளம் தெரியாதது போல அலறுவாள், அது மயக்கம் தெளிவதால் வருவது, அந்த நேரத்தில் பேசிச் சமாதானம் செய்ய முயலாமல் விளக்கைக் குறைத்து மார்போடு அணைத்து வைத்திருந்தால் போதும்.

பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொத்தமாக என் ஒன்றரை வருஷச் சம்பளம் அளவுக்குக் கரைந்தது, அதில் பாதிக்கு மேல் மருந்துச் செலவு கிடையாது, பயணம், தங்குமிடம், சம்பளமில்லா விடுப்பு. யாரும் இதைக் கணக்கில் சேர்த்துச் சொல்வதில்லை. முதல் வாரத்திலேயே மருத்துவமனையில் சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று கேட்டுப் போய்ப் பாருங்கள், உதவித் திட்டம், குறைந்த கட்டணத் தங்குமிடம் எல்லாம் அவருக்குத் தெரியும். நான் ஐந்தாவது மாதம்தான் அந்த அறைக் கதவைத் தட்டினேன். நோயின் பெயர், சிகிச்சைத் திட்டம், எத்தனை மாதம் என்று மருத்துவரிடம் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கிப் பத்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், காப்பீடு, அலுவலகம், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அதுதான் கேட்பார்கள்.

மகனுக்கு அப்போது 6 வயசு. அந்த வருஷத்தில் அவனைப் பற்றி எனக்கு எதுவுமே நினைவில்லை, அதுதான் பெரிய வலி. தூக்கத்தில் படுக்கை நனைக்க ஆரம்பித்திருந்தான், தான் பாப்பாவைத் தள்ளிவிட்டதால்தான் கண் போனது என்று நினைத்துக்கொண்டிருந்தான், இதை அவன் வகுப்பு ஆசிரியையிடம் சொல்லி, அவர் எங்களிடம் சொல்லித்தான் தெரிந்தது. மூத்த குழந்தை இருந்தால், நோயின் பெயரையும் இது யாராலும் வந்ததில்லை, யாருக்கும் ஒட்டாது என்பதையும் அவர்களிடம் உட்கார்ந்து சொல்லுங்கள்.

அவன் கண்ணையும் மருந்து விட்டுப் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் வந்தால் அது உடம்பின் எல்லா செல்லிலும் மரபணுக் கோளாறு இருப்பதற்கு அடையாளம், ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களிலும் சிலருக்கு அப்படி இருக்கும். மகளின் ரத்தத்தில் அந்தப் பழுது எது என்று கண்டுபிடித்து, அதையே எங்கள் மூன்று பேர் ரத்தத்திலும் தேடினார்கள். எங்களிடம் இல்லை, அவளிடம் புதிதாக உண்டானது. பெரும்பாலான குடும்பங்களில் இப்படித்தானாம், முன்னால் யாருக்கும் இருந்திருக்காது. இந்தச் சோதனையை வீண் செலவு என்று விட்டுவிடாதீர்கள். மகனுக்கு இல்லை என்று தெரிந்ததால் அவனுக்குத் தொடர் பரிசோதனை தேவைப்படவில்லை. மகளுக்கு நாளை பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, அது முன்கூட்டியே தெரிந்தால் பிறந்த முதல் வாரத்திலிருந்தே கண்ணைப் பார்த்துவிடலாம். அவளுக்கே பிற்காலத்தில் எலும்பு, தசை போன்ற இடங்களில் வேறு புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதனால் தேவையில்லாமல் சி.டி. ஸ்கேனும் எக்ஸ்ரேயும் எடுக்கக் கூடாது என்று ஃபைலின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறோம். காரணமில்லாத கால் வலி, வீக்கம் என்றால் உடனே காட்டுவோம்.

செயற்கைக் கண் ஆறு வாரம் கழித்து வைத்தோம். செய்பவர் அவள் வலது கண்ணுக்கு எதிரே உட்கார்ந்து, மெல்லிய தூரிகையால் கருவிழியின் நிறத்தை அடுக்கடுக்காகத் தீட்டினார். அப்புறம் ஒரு சிவப்பு நூலை இழை இழையாகப் பிரித்து, வெள்ளைப் பரப்பில் ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டினார், ரத்த நாளங்கள் மாதிரி. மூன்று மணி நேரம் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டியதும் என் மனைவி ஒரு கணம் தடுமாறி எந்தக் கண் என்று என்னிடம் கேட்டாள். வளர வளர மாற்ற வேண்டும், இடையில் மெருகு போட வேண்டும், அதையும் செலவுக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நடிகர் பீட்டர் ஃபால்க் 3 வயதில் இதே நோயால் வலது கண்ணை இழந்து, செயற்கைக் கண்ணோடுதான் வாழ்நாள் முழுக்க நடித்தார் என்று அந்தக் கண்ணைச் செய்தவர்தான் சொன்னார். அன்றைக்கு அது எனக்கு ரொம்பத் தேவையாக இருந்தது.

இப்போது மகளுக்கு ஐந்தரை வயசு. வலது கண்ணில் மூன்று கட்டியும் தழும்பாகிவிட்டன. மையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தழும்பால் புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்துத்தான் படிக்கிறாள். முதல் தாளில் இருந்தபடியே அந்தப் புள்ளி இருந்திருந்தால் நேராகப் படித்திருப்பாளா என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார். ஒரே கண் என்பதால் எப்போதும் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போட்டிருப்பாள், பள்ளிக்கூடத்தில் இடது பக்கமாக உட்காரவைக்கச் சொல்லியிருக்கிறோம், அப்போதுதான் வகுப்பு முழுக்க அவளுடைய வலது பக்கம் இருக்கும். இடது பக்கமிருந்து திடீரென்று போய்த் தொட்டால் துள்ளுவாள், அதனால் வீட்டில் எல்லோரும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போவோம்.

ஏம்ப்பா எடுக்க விட்டீங்க என்று அவள் இதுவரை கேட்கவில்லை. போன மாதம் வேறு ஒன்று கேட்டாள், பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு ஏன் கண் கழற்ற வரவில்லை என்று. எல்லோருக்கும் வராது, உனக்கு உள்ளே நோய் இருந்தது, அதனால் எடுத்துவிட்டோம் என்றேன். "ஓ, சரி" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அடுத்த பரிசோதனை வரும் மாதம், இப்போது நான்கு மாதத்துக்கு ஒரு முறைதான். முதல் ஆளாகப் போடச் சொல்லி இன்று காலையிலேயே போன் செய்துவிட்டேன்.